2147483647 பகா எண்தானா? நோட்டும் பென்சிலும் வைத்து நீங்களே சரிபார்க்கலாம்

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இந்த எண் 1ஆலும் தன்னாலும் மட்டும்தான் மீதியில்லாமல் வகுபடும். நான் சொல்கிறேன் என்று நீங்கள் நம்ப வேண்டாம். ஒரு நோட்டு, பென்சில், கைபேசியில் இருக்கிற கால்குலேட்டர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இவ்வளவு இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம்.

பெரிய பகா எண் என்றதும் கோடிக்கணக்கான இலக்கங்களும் ராட்சதக் கணினிகளும்தான் நினைவுக்கு வரும். புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே தொடங்குவது நல்லதல்ல என்பது என் கருத்து. பத்து இலக்கம் உள்ள இந்த எண்ணிலேயே எல்லாம் இருக்கிறது. கைக்கு அடங்குகிற அளவுதான், ஆனாலும் கண்மூடித்தனமாக வகுத்துக்கொண்டே போனால் ஒரு வாரம் போய்விடும். கணினி இல்லாத காலத்தில், 1772இல், லியோனார்டு ஆய்லர் இதைப் பகா எண் என்று நிரூபித்துக்காட்டினார். அவர் போன வழியில் நாமும் போகலாம்.

முதல் படி: எண்ணை நீங்களே உருவாக்குங்கள்

எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ளாதீர்கள், செய்து எடுங்கள். 2ஐ 2ஆல் பெருக்கிக்கொண்டே போனால் பத்தாவது அடுக்கில் 1024. அதன் வர்க்கம், அதாவது 2²⁰, 1048576. அதை மறுபடியும் 1024ஆல் பெருக்கினால் 2³⁰, 1073741824. இன்னொரு முறை இரட்டித்தால் 2147483648. அதில் ஒன்றைக் கழியுங்கள். நம் எண் வந்துவிட்டது: 2³¹ − 1.

இந்த வடிவத்தை மறந்துவிடாதீர்கள். இனிமேல் வருகிற குறுக்குவழி எல்லாம் இதிலிருந்துதான் வரும். 2இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களை மெர்சென் எண்கள் என்பார்கள். 1644இல் பிரெஞ்சுத் துறவி மரின் மெர்சென், எந்தெந்த அடுக்குகளில் இவை பகா எண்ணாகும் என்று ஒரு பட்டியல் தந்தார். அதில் 67, 257 என்ற இரண்டும் தவறு. 61, 89, 107 விட்டுப்போயின. 31 சரியாக இருந்தது.

அடுக்கு பகு எண்ணாக இருந்தால் மெர்சென் எண்ணும் பகு எண்தான். 2¹⁵ − 1 = 32767 = 7 × 31 × 151. 15க்குள் 3ம் 5ம் இருப்பதால், 2³ − 1ஆன 7ம் 2⁵ − 1ஆன 31ம் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. ஆகவே அடுக்கு பகா எண்ணாக இருந்தே தீர வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. 11 பகா எண்தான், இருந்தும் 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

இரண்டாம் படி: வகுக்காமலே மீதி கண்டுபிடியுங்கள்

7ஆல் வகுபடுமா? நீள வகுத்தல் வேண்டாம். 2³ = 8; அதை 7ஆல் வகுத்தால் மீதி 1. அதனால் 2³⁰க்கும் மீதி 1. ஒருமுறை இரட்டித்தால் 2³¹க்கு மீதி 2. ஒன்றைக் கழித்தால் மீதி 1. வகுபடாது.

11ஐப் பாருங்கள். 2¹⁰ = 1024 = 93 × 11 + 1. மீதி 1. அப்படியே 2³⁰க்கும் மீதி 1, நம் எண்ணுக்கும் மீதி 1. 31ஐ எடுத்தால் 2⁵ = 32, மீதி 1, முடிவும் அதேதான். 3க்கும் இதே கதை. ஏன் எல்லாவற்றுக்கும் ஒன்றே மீதியாகிறது என்று தோன்றினால் நல்ல அறிகுறி. அந்தக் கேள்வியை ஓரமாகக் குறித்து வையுங்கள், பின்னால் பதில் வரும்.

மூன்றாம் படி: எதுவரை பார்க்க வேண்டும்?

ஒரு எண்ணுக்குக் காரணிகள் இருந்தால், அவற்றில் ஒன்றாவது வர்க்கமூலத்தைத் தாண்டாது. 2147483647இன் வர்க்கமூலம் 46340க்குச் சற்று மேல். ஆகவே 46340 வரையிலான பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவை 4700க்கும் மேல் இருக்கின்றன. ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் எழுபத்தெட்டு மணி நேரம் ஆகும். இங்கேதான் எல்லோரும் கணினியைத் தேடிப் போகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நான்காம் படி: தகுதியில்லாத வகுத்திகளை வெளியே அனுப்புங்கள்

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். விஷயம் முழுக்க இதற்குள்தான் இருக்கிறது.

முதலில் சின்னதாக ஒன்று. 2047ஐ 23 வகுக்கிறது என்று பார்த்தோம். இப்போது 1இல் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போங்கள். 23ஐத் தாண்டினால் 23ஐக் கழியுங்கள். 1, 2, 4, 8, 16, அப்புறம் 32 வர வேண்டிய இடத்தில் 9, பிறகு 18, 13, 3, 6, 12, மறுபடியும் 1. எண்ணிப் பாருங்கள்: சரியாகப் பதினொரு தாவலில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். 23 என்பது 2¹¹ − 1ஐ வகுக்கிறது என்பதற்கு இதுதான் பொருள்.

பியர் தெ ஃபெர்மா கண்ட ஒரு விதி உண்டு: q என்று ஒரு ஒற்றைப்படைப் பகா எண்ணை எடுத்து இப்படித் தாவினால், q − 1 தாவலில் கட்டாயம் 1க்குத் திரும்பியிருப்போம். 23க்கு 22 தாவல். பதினொன்றிலும் திரும்புகிறோம், இருபத்திரண்டிலும் திரும்புகிறோம். ஒரு சுற்று பதினொன்று என்றால் 22 அதன் மடங்காகத்தானே இருக்க முடியும்?

(கணிதப் புத்தகங்களில் வழங்குகிற q என்ற எழுத்துக்குப் பதில் இனி 'வ' என்றே சொல்கிறேன்: வ என்றால் வகுத்தி.) இதையே 31க்குப் பொருத்துங்கள். நம் எண்ணை வ என்ற பகா எண் வகுத்தால், முப்பத்தொரு தாவலில் 1க்கு வந்துவிடுவோம். 31 பகா எண் என்பதால் அதைவிடச் சின்னச் சுற்று இருக்க வழியில்லை. ஆகவே வ − 1 என்பது 31இன் மடங்கு. வ ஒற்றைப்படை, அதனால் வ − 1 இரட்டைப்படை. அப்படியானால் வ − 1 என்பது 62இன் மடங்கு. 63, 125, 187, 249, 311 என்று 62 கூடிக்கூடிப் போகிற வரிசைக்கு வெளியே எந்தக் காரணியும் கிடையாது. 13, 17, 19, 101 என்று ஆயிரக்கணக்கான பகா எண்கள் ஒரே வீச்சில் போய்விட்டன.

இன்னொரு சல்லடையும் இருக்கிறது. 2³¹இன் மீதி 1 என்றால் 2³²இன் மீதி 2. ஆனால் 2³² என்பது 65536இன் வர்க்கம். ஆக, வவைப் பொறுத்தவரை 2க்கு ஒரு வர்க்கமூலம் இருக்கிறது, அது 65536. 2க்கு இப்படி வர்க்கமூலம் தருகிற ஒற்றைப்படைப் பகா எண்களை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7தான் வரும். இதன் நிரூபணம் கொஞ்சம் நீளம். இப்போதைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், எண் கோட்பாட்டுப் புத்தகம் எதிலும் இருக்கும். 65536ஐ மட்டும் நினைவில் வையுங்கள், மறுபடியும் வருவார்.

இரண்டு சல்லடையையும் சேர்த்தால் மிஞ்சுவது இரண்டே வரிசைகள்: 248இன் மடங்கோடு 1 கூட்டியவை, 248இன் மடங்கோடு 63 கூட்டியவை. 46340 வரை இவை 372தான் (63 பகு எண், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை). முதல் பத்தை எழுதிப் பாருங்கள்: 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303. இதில் 249 மூன்றால் வகுபடும், 497 ஏழால், 559 பதின்மூன்றால், 1241 பதினேழால். இப்படித் தள்ளிக்கொண்டே வந்தால் பத்தில் 311, 1303 என்ற இரண்டு மட்டுமே பகா எண்கள். மொத்தத்தில் எண்பது சொச்சம்தான் நிற்கும். ஒன்றரை மணி நேர வேலை.

கால்குலேட்டரில் மீதி எடுக்கும் முறை இது. 2147483647 ÷ 311 போட்டால் 6905092.11 என்று வரும். புள்ளிக்கு முன் இருப்பதை மட்டும் எடுத்து 311ஆல் பெருக்குங்கள்: 2147483612. கழித்தால் மீதி 35. 1303க்கும் அப்படியே: 1648107 × 1303 = 2147483421, மீதி 226. நோட்டில் மூன்று பத்தி போட்டு, வகுத்தி, ஈவு, மீதி என்று எழுதிக்கொண்டே வாருங்கள். மீதியை எழுதாமல் வெறும் டிக் மட்டும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். நான் முதல் தடவை அப்படித்தான் செய்தேன்; நடுவில் சந்தேகம் வந்தபோது எந்த இடத்தில் பிசகினேன் என்று கண்டுபிடிக்க முடியாமல், எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று.

கடைசி வகுத்தி வரை எங்கும் மீதி பூஜ்யம் ஆகாது. பகா எண் என்பது அப்போது உங்கள் கையால் நிரூபணமாகிவிட்டது. பியத்ரோ கடால்டி 1603இல் வெளியான தன் நூலில், 23, 29, 31, 37 என்ற நான்கு அடுக்குகளும் பகா எண் தரும் என்றார். 23ஐயும் 37ஐயும் ஃபெர்மா 1640இல் உடைத்தார். 29ஐ ஆய்லர் உடைத்தார்: 2²⁹ − 1 = 233 × 1103 × 2089. 31 மட்டும் தாங்கியது.

ஐந்தாம் படி: ஒரு பொறியில் விழாமல் இருங்கள்

இணையத்தில் தேடினால் ஒரு சுலபமான சோதனை கண்ணில் படும்: 2ஐ 'எண் − 1' அடுக்குக்கு உயர்த்தி அந்த எண்ணால் வகுங்கள், மீதி 1 வந்தால் பகா எண். தப்பு. மீதி 1 வராவிட்டால் அது பகா எண் இல்லை என்பது மட்டும்தான் உறுதி.

341ஐப் பாருங்கள். 2¹⁰ = 1024 = 3 × 341 + 1. ஆகவே 2³⁴⁰க்கும் மீதி 1, சோதனையில் தேறிவிடுகிறது. ஆனால் 341 = 11 × 31. மெர்சென் எண்களுக்கோ இந்தச் சோதனை கொஞ்சமும் உதவாது. 2047இல் போட்டுப் பாருங்கள்: 2¹¹க்கு மீதி 1, 2046 பதினொன்றின் மடங்கு, ஆகவே அதுவும் தேறும். அடுக்கு பகா எண்ணாக இருக்கிற ஒவ்வொரு மெர்சென் எண்ணும் தேறும். அடிமானம் 2ஐ விட்டுவிட்டு 3ஐ எடுத்தால்தான் ஏதாவது தெரியும்.

இதிலும் மோசமான எண்கள் உண்டு. நமக்கெல்லாம் ராமானுஜன் எண்ணாகத் தெரிந்த 1729 அப்படிப்பட்டது. 1729 = 7 × 13 × 19. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்தால் 6, 12, 18. மூன்றுமே 1728ஐ மீதியில்லாமல் வகுக்கும். அதனால் 7, 13, 19இன் மடங்காக இல்லாத எந்த அடிமானத்தை எடுத்தாலும் 1729 இந்தச் சோதனையில் தேறிவிடும். இரண்டு கனங்களின் கூடுதலாக இரு விதமாக எழுதலாம் என்பதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட இந்தக் குணம்தான் பிடித்திருக்கிறது.

ஆறாம் படி: வகுக்காமல் தீர்ப்புச் சொல்லும் முறை

எண்பது முறை வகுப்பது 31க்குச் சரி. அடுக்கு நூறைத் தாண்டினால் அந்த வழி செல்லாது. எதுவார் லூக்கா 1870களில் ஒரு வழி கண்டார்; 1930இல் டி. எச். லேமர் அதைச் செம்மைப்படுத்தினார். முறை இவ்வளவுதான்: 4இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்துங்கள், 2ஐக் கழியுங்கள், மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை எடுங்கள். அந்த மீதியை வைத்துத் திரும்பவும் அதையே செய்யுங்கள். அடுக்கில் 2 குறைவான தடவை செய்தபின் பூஜ்யம் வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். 'அநேகமாக' என்ற பேச்சே இல்லை.

127இல், அதாவது 2⁷ − 1இல் செய்து பார்ப்போம். ஐந்து தடவை. வகுத்தலுக்கும் ஒரு குறுக்குவழி உண்டு: 127ஐப் பொறுத்தவரை 128உம் 1உம் ஒன்றுதான். எனவே எண்ணை 128ஆல் பிரித்து, ஈவையும் மீதியையும் கூட்டினால் போதும். 9ஆல் வகுபடுமா என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டுகிறோமே, அதே விஷயம்தான்.

4 × 4 − 2 = 14.
14 × 14 − 2 = 194. இது 1 × 128 + 66; கூட்டினால் 67.
67 × 67 − 2 = 4487. இது 35 × 128 + 7, கூட்டினால் 42.
42 × 42 − 2 = 1762. இது 13 × 128 + 98; கூட்டினால் 111.
111 × 111 − 2 = 12319. இது 96 × 128 + 31. கூட்டினால் 127, அதாவது பூஜ்யம்.

முதல் தடவை அந்தக் கடைசி 127 கையில் வந்து விழுகிறபோது ஒரு சந்தோஷம் இருக்கிறது. அதற்காகவாவது இதைக் காகிதத்தில் செய்யுங்கள். பூஜ்யத்துக்கு முந்தைய 111ஐயும் கவனியுங்கள். அது 127 − 16. பதினாறின் வர்க்கம் 256, அதை 127ஆல் வகுத்தால் மீதி 2. ஆக, பூஜ்யத்துக்கு முந்தி வருவது 2இன் வர்க்கமூலம்.

நம் எண்ணுக்கு இருபத்தொன்பது தடவை. தொடக்கம் 4, 14, 194, 37634, 1416317954. இதுவரை சுலபம். அடுத்த வர்க்கம் பத்தொன்பது இலக்கம். கைபேசிக் கால்குலேட்டர் கடைசி இலக்கங்களை விழுங்கிவிடும். எக்செல்லும் பதினைந்து இலக்கத்துக்கு மேல் பூஜ்யமாக்கிவிடும். அங்கே வந்த விடையை நம்பி மேலே போனால் பூஜ்யம் வரவே வராது, ஏன் என்றும் புரியாது. பைத்தான் மொழியில் முழு எண்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, நான்கே வரி நிரல் போதும். இருபத்தெட்டாவது தடவையில் 65536 அல்லது 2147483647 − 65536 வந்து நிற்கும். பழைய ஆள்தான். அதை வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்தால் பூஜ்யம்.

ஏழாம் படி: எண்ணின் குணங்களைக் கவனியுங்கள்

இரும முறையில் எழுதினால் நம் எண் முப்பத்தொரு ஒன்றுகள், இடையில் பூஜ்யமே இல்லை. கணினியில் 32 பிட்டில் குறியோடு (கூட்டல்-கழித்தல் குறிக்கு ஒரு பிட் போக மீதி 31) எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் இதனால்தான் இதுவானது. பழைய கணினிகள் பலவற்றில் நேரம், 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளாக இந்த இடத்துக்குள் எழுதப்படுகிறது. 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு எண்ணிக்கை 2147483647ஐத் தொடும். அடுத்த விநாடிக்கு அங்கே இடமில்லை.

அப்புறம், யூக்ளிட் காட்டிய ஒரு குணம். மெர்சென் பகா எண்ணை அடுக்கில் ஒன்று குறைந்த 2இன் அடுக்கால் பெருக்கினால், தன் காரணிகளின் கூடுதலுக்குச் சமமான எண் கிடைக்கும் (தன்னைத் தவிர்த்த காரணிகள்). 6, 28 அப்படிப்பட்டவை. நம் எண் தருவது 2³⁰ × 2147483647 = 2305843008139952128. இந்த வகையில் எட்டாவது எண் இது.

எனக்கு மிகவும் பிடித்தது 2147483646, ஒன்று குறைந்த எண். அது 2 × (2³⁰ − 1). பிரித்தால் 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. இரண்டாம் படியில் 3, 7, 11, 31 எல்லாவற்றுக்கும் ஏன் மீதி 1 வந்தது என்பதற்குப் பதில் இதோ: அவை எல்லாம் ஒன்று குறைந்த எண்ணின் காரணிகள்.

இந்தப் பிரிப்பு நடைமுறையிலும் உதவுகிறது. 1இல் தொடங்கி 2ஆல் பெருக்கி, நம் எண்ணால் வகுத்து மீதி எடுத்துக்கொண்டே போனால் முப்பத்தொன்றில் சுற்று முடிந்துவிடும். 7ஆல் பெருக்கினால்? 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களையும் ஒவ்வொரு முறை தொட்ட பிறகுதான் 1க்குத் திரும்பும். 7இன் ஐந்தாம் அடுக்கான 16807க்கும் இதே குணம். எந்த எண் அடுத்து வரும் என்று பார்வைக்குத் தெரியாது: 1, 16807, 282475249, 1622650073, 984943658. ஸ்டீபன் பார்க், கீத் மில்லர் இருவரும் 1988இல் இதைக் கணினிகளின் குறைந்தபட்சத் தரமான சமவாய்ப்பு எண் ஆக்கியாகப் பரிந்துரைத்தார்கள். 1இல் தொடங்கிப் பத்தாயிரம் தடவை பெருக்கினால் 1043618065 வர வேண்டும். நீங்கள் எழுதிய நிரல் சரியா என்று இதை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். ரகசியக் குறியீட்டுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள், ஒரு எண்ணைப் பார்த்தாலே அடுத்ததைக் கணக்கிட்டுவிடலாம்.

எட்டாம் படி: இங்கிருந்து மேலே

3 ஒரு மெர்சென் பகா எண், 2³ − 1உம் பகா எண். 7உம் அப்படித்தான், 127 வருகிறது. 31உம் அப்படித்தான், நம் எண் வருகிறது. 127ஐ அடுக்கில் வைத்தால் வரும் 39 இலக்க எண்ணையும் லூக்கா 1876இல் பகா எண் என்று காட்டினார். அப்படியானால் 2147483647ஐயே அடுக்கில் வைத்தால்? 64 கோடி இலக்கத்துக்கு மேல் உள்ள எண் அது. பகா எண் இல்லை என்று தெரிந்திருக்கிறது: 295257526626031 அதை வகுக்கும். நான்காம் படியின் விதி இங்கும் நிற்கிறதா என்று பார்ப்போம். இதில் ஒன்றைக் கழித்து, 2147483647இன் இரு மடங்கான 4294967294ஆல் வகுங்கள். சரியாக 68745 வரும், மீதி இல்லை.

இப்போது தெரிந்ததில் மிகப் பெரிய பகா எண் இது: 2இன் 136279841ஆவது அடுக்கில் ஒன்று குறைவு, 4 கோடியே 10 லட்சம் இலக்கங்களுக்கு மேல். 2024 அக்டோபரில் லூக் டியூரன்ட் கண்டுபிடித்தார். 1996 முதல் தன்னார்வலர்கள் கணினிகளைச் சேர்த்து நடத்துகிற மெர்சென் பகா எண் தேடலில் கிடைத்தது இது. முதல் சோதனை அடிமானம் 3இல் செய்யும் ஃபெர்மா சோதனை, அதாவது ஐந்தாம் படியில் பார்த்த அதே சோதனை, 2க்குப் பதில் 3ஐ வைத்து. முடிவை உறுதிசெய்தது, 127இல் நீங்கள் செய்த அதே லூக்கா–லேமர் முறை. உங்கள் கணினியையும் அதில் இலவசமாகச் சேர்க்கலாம்.

அதற்கு முன்னால் காகிதத்தில் ஒன்று செய்துவிடுங்கள்: 8191, அதாவது 2¹³ − 1. பதினொரு தடவை. ஒவ்வொரு முறையும் வர்க்கத்தில் 2ஐக் கழித்து, 8192ஆல் பிரித்துக் கூட்டுங்கள்; கூடுதல் 8191ஐத் தாண்டினால் 8191ஐக் கழியுங்கள். 4, 14, 194க்குப் பிறகு 4870 வரும். ஏழாவது தடவையில் 36 வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். பத்தாவதில் 128 வர வேண்டும்.